தூணுக்குப் பின்னால் திறந்த ஓட்டை

காலை மணி பத்து இருபத்தைந்து. முதலில் கண்ணில் பட்டது தண்ணீரில் ஒரு ஓட்டை.

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான ஒரு வட்டத் தூண், தண்ணீரைத் துளைத்துக்கொண்டு மேலே நீண்டு நின்றது. அதன் முதுகுப் பக்கம் அதுவரை மூடியிருந்த தண்ணீர் திடீரென்று பிளந்தது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. மேலிருந்து கீழே வெறும் காற்று நின்றது. அந்தக் காற்றின் அடிநுனி மெலிந்து, வளைந்து, பம்பின் வாய்க்குள் நுழைந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. ஜூஸ் தீர்ந்த டம்ளரில் ஸ்ட்ராவை வைத்து உறிஞ்சுகிற சத்தம்.

தொட்டியைச் சுற்றி ஐந்து பேர் நின்றோம். என் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் நிறுத்தவில்லை என்பது மட்டுமே அந்த நிமிடத்தில் நான் செய்த வேலை.

சோதனைக் கூடங்களில் படம் பிடிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த லென்ஸ், எத்தனை விளக்கு, எவ்வளவு வேகத்தில் பதிவு செய்வது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது, எதிர்பாராத ஒன்று படத்தில் விழுந்துவிட்டால் அதை என்ன செய்வது என்பது பற்றி.

நான் பத்திரிகையிலிருந்து இந்த வேலைக்கு வந்தவன். கோவையில் ஒரு நாளிதழில் பல வருடம் புகைப்படக்காரனாக இருந்தேன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. படத்துக்குக் கீழே யார், எங்கே, எப்போது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஏன் என்பதை எழுதக் கூடாது. ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நிருபரின் வேலை. கணபதியில் பம்புகளைச் சோதிக்கும் அந்தக் கூடத்துக்கு வந்த பிறகும் அதே பழக்கத்தோடுதான் இருந்தேன். தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று படம் பிடித்துக் கொடுப்பேன். ஏன் என்பதைக் கூடத்தின் தலைவர் பார்த்துக்கொள்வார். அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்குத் தொட்டிக்குள் இருந்தது ஒரு குடிநீர் நிலையத்தின் மாதிரி. காரமடையைத் தாண்டி, பவானி ஆற்றங்கரையில் கட்டிக்கொண்டிருந்த நிலையம் அது. பெயர் வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக வந்து, பம்பின் வாய்க்குள் போய், குழாயில் ஏறி, மேட்டிலிருக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். பம்பின் வாய்க்கு நேர் முன்னால், நடைபாலத்தைத் தாங்க ஒரு தூண். எல்லாவற்றையும் பதினைந்தில் ஒரு பங்காகச் சிறிதாக்கிக் கண்ணாடிக்குள் வைத்திருந்தோம்.

தூணை வடிவமைத்தவர் நடராஜ், சிவில் இன்ஜினியர். ஆர்.எஸ்.புரத்தில் அலுவலகம், கலையாத தலைமுடி, எதற்கும் ஒரு பதில். முதலில் சதுரத் தூண்தான் வரைந்திருந்தார். பிறகு அவரே வட்டமாக மாற்றினார். வட்டம் என்றால் தண்ணீர் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்றார். ஆற்றங்கரையில் தூணைக் கட்டியும் முடித்துவிட்டார். எங்களிடம் அவர் எதிர்பார்த்தது ஒரு கையெழுத்து.

அவரோடு வந்திருந்தவர் பழனிசாமி. அந்த நிலையத்தில் பம்பை இயக்கப்போகிற ஆள். காரமடைக்காரர். ஐம்பது வயதுக்கு மேல், வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். பம்பு நிற்பது தரைக்கு வெகு கீழே, காய்ந்த கிணறு போன்ற ஓர் அறையில். ஒரே ஒரு இரும்புப் படிக்கட்டு. பழனிசாமி வேலை நேரம் முழுவதும் அந்த அடியில்தான் இருக்க வேண்டும். மாதிரியில் அந்த இடத்தில், அளவு தெரிவதற்காக, நீலச் சட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பொம்மையை நிற்க வைத்திருந்தோம். அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

“ஏனுங்க, இது நானுங்களா?”

“நீங்கதானுங்க,” என்றேன்.

“பரவாயில்லீங்க. என்னைவிட இவனுக்கு முடி ஜாஸ்தி.”

கூடத்தின் மெக்கானிக் ரங்கசாமி சத்தமாகச் சிரித்தார். அவர்தான் பூஜைக்காரரும். கோவையில் பம்பு ஓடுகிற எந்த இடத்திலும் புதுத் தண்ணீருக்குப் பூஜை உண்டு. எங்கள் கூடத்திலும் ஒவ்வொரு மாதிரியின் முதல் ஓட்டத்துக்கும் தொட்டியின் விளிம்பில் விளக்கு ஏற்றுவோம், தேங்காய் உடைப்போம், கடைசியில் மீதிக் கற்பூரத்தில் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுவோம். போட்டதும் அந்தத் துண்டு உயிருள்ள பூச்சிபோல மேற்பரப்பில் ஓடும். அது ஓடுவதைப் பார்க்க எல்லோருக்கும் பிடிக்கும். வழக்கமாகப் பூஜை முடிந்ததும் தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குவோம். அன்றைக்குப் பூஜை நேரத்திலேயே தண்ணீர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நடராஜுக்கு அவசரம்.

கற்பூரம் ஓடித் தூணின் பின்பக்கம் போன அந்த நொடியில்தான் ஓட்டை திறந்தது.

முதலில் பேசியவர் ரங்கசாமி. “ஐயோ, நான் கற்பூரத்தெப் போட்டுப்போட்டேனுங்க மேடம். தண்ணி அழுக்காயிருச்சு.”

மேடம் பம்பை நிறுத்தச் சொன்னார். நடராஜுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. “அதான பார்த்தேன். ஏனுங்க ரங்கசாமி, சாமி கும்பிடறதுன்னா வெளிய வெச்சுக் கும்புடுங்க. எந் தூணு மேல வெச்சா கும்புடுவீங்க?”

தொட்டியைக் காலி செய்து, கழுவித் துடைத்து, சுத்தமான தண்ணீர் நிரப்பினார்கள். மதியம் மறுபடி ஓட்டினோம். ஓட்டை இல்லை. வேகத்தைக் கூட்டினோம். இல்லை. நிர்ணயித்த வேகத்தையும் தாண்டினோம். தூணுக்குப் பின்னால் தண்ணீர் சற்றே குழிந்து, பளபளவென்று, மூடியபடி ஓடியது.

“அந்த ஓட்டை எங்கீங்க போச்சு?” என்று பழனிசாமி கேட்டார்.

“இல்லாத ஓட்டை எங்கீங்க போவும்?” என்றார் நடராஜ். எல்லோருக்கும் டீ சொன்னார்.

விதிப்படி சோதனை முடிந்தது. சுத்தமான தண்ணீரில் நடப்பதுதான் கணக்கு. பூஜை ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அந்த வீடியோவை அழித்துவிடலாம் என்று நடராஜ் போகிற போக்கில் என்னிடம் சொன்னார். அழிப்பதற்கு முன் பத்திரிகைப் பழக்கத்தில் யார், எங்கே, எப்போது என்று எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்காகக் காலைப் படத்தையும் மதியப் படத்தையும் அருகருகே வைத்து மெதுவாக ஓடவிட்டேன்.

இரண்டும் ஒரே படம்.

கற்பூரம் வந்து சேர்கிற வரைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டிலும் தூணின் முதுகில் தண்ணீர் உள்வாங்கிக் குழிகிறது. இரண்டிலும் அந்தக் குழியின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய துணிபோல விறைத்து நடுங்குகிறது. காலைப் படத்தில் கற்பூரம் அதைத் தொடுகிறது, துணி விட்டுக்கொடுக்கிறது. மதியப் படத்தில் தொட ஒன்றும் இல்லை, துணி தாங்குகிறது. ஓட்டையைக் கற்பூரம் உண்டாக்கவில்லை. திறக்கத் தயாராக அது முதலிலிருந்தே அங்கே இருந்தது. மூடியை மட்டும்தான் கற்பூரம் எடுத்துவிட்டது.

இரண்டு படங்களையும் அழியாதபடி நகல் எடுத்து வைத்தேன்.

பத்திரிகையின் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி முடித்ததும் கடைசித் தண்ணீரில் ஒரு மருந்தை இரண்டு சொட்டு விடுவோம். விடாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்று, காய்ந்து, படத்தில் வட்ட வட்டமாகக் கறை விழும். விட்டால் அந்த முத்துகள் உடைந்து பரவி வழிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பரப்பு இழுவிசை என்று படித்ததை நான் கையால் அறிந்தது அப்படித்தான். தண்ணீருக்கு ஒரு தோல் இருக்கிறது, அதன் பலத்தைச் சொட்டு மருந்தால் குறைக்க முடியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மேடத்தைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினேன். ஏன் என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

“ஆத்துல இருக்கிற தூணுக்குப் பின்னாடியும் இந்தத் தோலு இதே பலத்தோட தாங்குமுங்களா மேடம்?”

அவர் இரண்டு படங்களையும் மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது முறை ஓடும்போது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“தாங்காது,” என்றார். “தூணைப் பதினஞ்சுல ஒண்ணா சின்னதாக்கினோம். வாய்க்காலைச் சின்னதாக்கினோம். தண்ணியோட தோலைச் சின்னதாக்க முடியலையே. ஆத்துத் தண்ணிக்கும் இதே தோல்தான். இவ்வளவு சின்னத் தூணுக்கு அது பெரிய பலம். அங்க அவ்வளவு பெரிய தூணுக்கு அது ஒண்ணுமே இல்லை.”

இது அவருக்கு முன்பே தெரியாத விஷயம் அல்ல. மாதிரி இந்த அளவுக்குக் கீழே போனால் தோலின் பலம் ஏமாற்றும் என்று ஒரு வரம்பு வைத்துத்தான் வேலை செய்வார்கள். இந்த மாதிரி அந்த வரம்புக்குள் இருந்தது. ஆனால் எங்கள் கூடத்தில் அதுவரை சோதித்தவை எல்லாம் சதுரத் தூண்கள். கூரான மூலை இருந்தால் தண்ணீர் அந்த மூலையில்தான் பிரிந்தாக வேண்டும், வேறு வழியில்லை. வட்டத் தூணில் மூலை இல்லை. உடம்பை விட்டு எந்த இடத்தில் பிரிவது என்று தண்ணீர்தான் முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவில் தோலுக்கும் ஓர் ஓட்டு உண்டு. சதுரத்துக்கு வைத்த வரம்பை வட்டத்துக்கும் வைத்துவிட்டார்கள். சதுரம் வட்டமானதை எல்லோரும் பார்த்தார்கள். வரம்பும் மாற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை மேடம் நடராஜையும் பழனிசாமியையும் வரவழைத்தார். சுத்தமான தண்ணீர், அதே வேகம், தூணுக்குப் பின்னால் ஓட்டை இல்லை. கேன்டீனிலிருந்து பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு சொட்டு விட்டார்.

திறந்தது. அதே வெட்டு, அதே வால், அதே சத்தம். வேகத்தைக் குறைத்தார். முந்தின நாள் எதுவுமே நடக்காத வேகத்திலும் ஓட்டை நின்றது. பழனிசாமி ஓரடி பின்னால் போனார். தொட்டியில் இருந்தது ஒரு சாண் ஆழத் தண்ணீர்தான்.

நடராஜ் வெடித்தார். “இதென்னங்க மேடம் அநியாயம்! நேத்துச் சாமி பேரால கெடுத்தீங்க, இன்னிக்கு சோப்புப் போட்டுக் கெடுக்கறீங்க. பவானில யாருங்க சோப்புக் கரைச்சு ஊத்தப்போறா?”

“யாரும் ஊத்த வேண்டாம். அங்க தோல் தானாவே தோத்துரும். அதை இங்க காட்டத்தான் சோப்பு.”

“காட்டுங்க, காட்டுங்க. தூணு கட்டியாச்சு. திறப்பு விழாவுக்கு ஆள் கூப்பிட்டாச்சு. நாஞ் சொல்லட்டுங்களா, போட்டோக்காரரு வீடியோவுல பேயைப் பார்த்துப்போட்டாருன்னு?”

மேடம் அவரை விட்டுவிட்டுப் பழனிசாமியைப் பார்த்தார். காற்று உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை அவருக்குத்தான் சொன்னார். பம்பு பிடியை விடும். மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதும் திரும்பி வரும். அடியில் இருக்கிற தடுப்பு வால்வு அறைந்து மூடும். அந்த அதிர்ச்சியில் குழாயின் எந்த இணைப்பு விட்டாலும் அறை நிரம்பும்.

“அடியில நான் இருப்பனுங்களே,” என்றார் பழனிசாமி. கேள்வியாகக் கேட்கவில்லை.

அன்று மதியம் மேலிடத்திலிருந்து மேடத்துக்கு ஃபோன் வந்தது. விதிப்படியான சோதனையில் தூண் தேறிவிட்டதா இல்லையா என்று கேட்டார்கள். தேறிவிட்டது என்பது உண்மை. தேறியது என்று எழுதினால் அவர்மேல் யாரும் விரல் நீட்ட முடியாது. தேறவில்லை என்று எழுத அவரிடம் இருந்தது ஒரு கற்பூரத் துண்டும் ஒரு சொட்டு சோப்பும்தான். சோப்புத் தண்ணீரில் செய்த சோதனைக்கு எந்த விதியும் இல்லை. அது தூணைப் பற்றிச் சொல்கிறதா, சோப்பைப் பற்றிச் சொல்கிறதா என்று கேட்டால் அடித்துச் சொல்ல அவராலும் முடியாது. ஃபோனை வைத்துவிட்டு அறிக்கைத் தாளை எடுத்தார். பிறகு, நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதினார். சுத்தமான தண்ணீரில் ஓட்டை இல்லை. தோல் பலம் குறைந்த தண்ணீரில் ஓட்டை உண்டு. பெரிய தூணில் எது நடக்கும் என்று இந்த மாதிரியால் உறுதி சொல்ல இயலாது. ஆகவே முதல் ஓட்டத்தின்போது அடி அறையில் ஒருவரும் இருக்கக் கூடாது. கையால் திருகும் வால்வை முன்கூட்டியே திறந்துவைத்துவிட்டு எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். இந்த நிபந்தனையை ஏற்றால்தான் கையெழுத்து.

தெரியாததைத் தெரியாது என்று எழுதி, அந்தத் தெரியாமைக்குள் ஓர் ஆளை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டார். இந்த வேலையில் நான் பார்த்த முடிவுகளில் இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் படத்தில் வேண்டாத ஒன்று விழுந்தால், அழுக்கு என்று பெயர் வைத்து அழிப்பதற்கு முன், அதைப் பார்க்க வேண்டியவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நடராஜ் நிபந்தனையை ஏற்றார். சிரித்துக்கொண்டே ஏற்றார்.

சோதனை ஓட்டத்துக்கு நானும் கேமராவோடு போனேன். மேடம் வாய்க்கால் கரையில் நின்றார். வெயில் ஏறியிருந்தது. பழனிசாமி அடியில் இறங்கி வால்வைத் திறந்துவிட்டு மேலே வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். “காலியா வுட்டுப்போட்டு வர்றதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க,” என்றார்.

“ரெண்டே நிமிசம்,” என்றார் நடராஜ். “அப்புறம் நீங்க கீழ போய் நிம்மதியா உக்காருங்க.”

மேலே இருந்த பலகையில் பொத்தானை அழுத்தினார்கள். பம்பு எடுத்தது. வாய்க்காலில் தண்ணீர் வேகம் பிடித்தது. நான் நடைபாலத்தில் நின்று தூணின் பின்பக்கத்தைக் கேமராவில் பிடித்திருந்தேன். தண்ணீர் குழிந்தது. தொட்டியில் பார்த்த அதே குழி. அது மூடியபடியே நின்றது. நடராஜ் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

தண்ணீரில் எதுவும் விழவில்லை. இலைகூட இல்லை. எதுவும் தொடாமல் அது திறந்தது.

ஓர் ஆள் உள்ளே நிற்கக்கூடிய அகலத்துக்குத் தூணின் முதுகோடு ஒட்டிக் காற்று கீழே இறங்கியது. ஈரமான கான்கிரீட் வெளியே தெரிந்தது. தண்ணீர் ஓடுகிற வாய்க்காலின் நடுவே காய்ந்த இடம்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு பாலம் அதிர்ந்தது. அடியிலிருந்து ஜல்லிக் கல்லை டிரம்மில் போட்டு உருட்டுகிற சத்தம் வந்தது.

பழனிசாமி ஓடினார். வெளியே ஓடவில்லை. படிக்கட்டை நோக்கி ஓடினார். பம்பு அலறினால் கீழே போய் வால்வை மூட வேண்டும், அவருக்குத் தெரிந்த வேலை அது. முப்பது வருடமாக வேறு பம்பு நிலையங்களில் கால்களுக்குப் பழகிய வேலை. மேடம் கத்தினார். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பழனிசாமி முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

அவர் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்தவர் நடராஜ். இரண்டு கையாலும் பிடித்தார். காலர் கிழிந்தது. கிழிந்ததும் இடுப்பைக் கட்டிக்கொண்டு இருவரும் மண்ணில் விழுந்தார்கள்.

“வுடுங்க, வால்வு, வால்வு!”

“போவாதீங்க! எந் தூணுங்க அது, நாஞ் சொல்றேன், போவாதீங்க!”

பம்பு நின்றது. ஒரு நொடி முழு அமைதி. பிறகு காலுக்குக் கீழே, தடுப்பு வால்வு மூடிக்கொண்ட அடி தரையில் விழுந்தது. அதைக் காதால் கேட்கவில்லை, முழங்காலில் உணர்ந்தேன். அடியில் ஏதோ உடைந்து, தண்ணீர் பாயத் தொடங்கியது.

நாங்கள் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தபோது மணி பதினொன்று நாற்பது. இரும்புப் படிக்கட்டின் பாதி அதற்குள் முழுகியிருந்தது. பழனிசாமி உட்கார அடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி தண்ணீரோடு மேலே வந்துகொண்டிருந்தது.